பூட்டிய கதவும் ஒப்பாத மனசும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோயைப் பற்றி நாளிதழ்களில் குறிப்பு வரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரே படம்தான் வருகிறது: குழாயடியில் நுரை வழியும் இரண்டு கைகள். அதைப் பார்த்துவிட்டு "நான் அப்படியெல்லாம் கழுவுவதில்லையே" என்று பக்கத்தைத் திருப்பிவிடுபவர்களில் சிலருக்கு இந்த நோய் இருக்கிறது. இன்னொரு பக்கம், அலமாரியை நேர்த்தியாக அடுக்குபவர்கள் "எனக்குக் கொஞ்சம் ஓசிடி" என்று பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்கள். நூறு பேரில் இரண்டு அல்லது மூன்று பேருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் வரும் நோய் இது. பெரும்பாலும் பதின்ம வயதிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ தலைகாட்டும். 35 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்குவது அரிது. ஆனால் தொடங்கிய நாளுக்கும் மருத்துவரைப் பார்க்கும் நாளுக்கும் இடையே பல ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. தனக்கு இருப்பது இந்த நோய்தான் என்று தெரியாததும், சொல்ல வெட்கப்படுவதும்தான் முக்கியக் காரணங்கள். அந்தத் தாமதத்தைக் குறைக்க வேண்டும் என்ற அக்கறையில், மனநலச் சிகிச்சைப் பணியில் இருக்கும் நாங்கள் இதை எழுதுகிறோம்.

முதலில் எண்ணத்தைப் பற்றி. ரயில் வரும்போது "குதித்துவிட்டால்?" என்று ஒரு நொடி தோன்றுவது, காய் நறுக்கும்போது கத்தியை எதிரில் இருப்பவர் மீது வீசுவது போல ஒரு காட்சி மின்னி மறைவது, பிரார்த்தனையின் நடுவே அசிங்கமான சொல் வந்து விழுவது, இவை நோயின் அடையாளங்கள் அல்ல. 1978ல் ராக்மன், டி சில்வா என்ற இரண்டு ஆய்வாளர்கள் எந்த மனநோயும் இல்லாதவர்களைக் கேட்டுப் பார்த்தார்கள். ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் தங்களுக்கும் இப்படிப்பட்ட எண்ணங்கள் வருவதாகச் சொன்னார்கள். நோயாளிகளின் எண்ணங்களையும் மற்றவர்களின் எண்ணங்களையும் கலந்து வைத்தபோது எது யாருடையது என்று பிரிப்பது துறை வல்லுநர்களுக்கே எளிதாக இல்லை. ஆகவே "இப்படி ஓர் எண்ணம் எனக்கு வந்துவிட்டதே" என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எண்ணம் வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பெரும்பாலானவர்களுக்கு அது வந்த வழியே போய்விடும். ஓசிடி உள்ளவருக்கு அது முள்ளாய்த் தைத்துக்கொள்ளும். "இதை ஏன் நினைத்தேன்? நினைத்தால் நடந்துவிடுமோ? நடந்தால் பொறுப்பு என்மேல்தானே?" என்று பதற்றம் ஏறும். பதற்றத்தைத் தணிக்க ஏதாவது செய்தாக வேண்டும். கழுவலாம், சரிபார்க்கலாம், எண்ணலாம், மனசுக்குள் ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லலாம். செய்தவுடன் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும். அந்த ஆறுதல்தான் வினையே. செய்ததால்தான் ஆபத்து விலகியது என்று மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை எண்ணம் இன்னும் பலமாகத் தட்டுகிறது, ஆறுதல் நிற்கும் நேரம் குறைகிறது. தொடக்கத்தில் ஒரு முறை பார்த்தால் அரை நாள் நிம்மதியாக இருந்தவர், சில மாதங்களில் பத்து முறை பார்த்தும் பத்து நிமிடம் தாங்காமல் நிற்பார். உங்களிடம் இதைக் கவனிக்க வேண்டுமானால் ஆறுதல் எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று பாருங்கள். அது சுருங்கிக்கொண்டே வந்தால் சுழல் இறுகுகிறது என்று பொருள்.

அடுத்ததாகச் சொல்லப் போவதுதான் எங்கள் அனுபவத்தில் மிகவும் பயன்படும் அடையாளம். ஒரு செயலை நிறுத்தச் சொல்வது எது என்று கேட்டுப் பாருங்கள். கதவைப் பூட்டும் காட்சியை எடுத்துக்கொள்வோம். சாவி திரும்புகிறது. தாழ் உள்ளே விழும் சத்தம் கேட்கிறது. கைப்பிடியை இழுத்தால் கதவு அசையவில்லை. கண், காது, கை மூன்றும் "பூட்டியாச்சு" என்று சாட்சி சொல்லிவிட்டன. சாதாரணமாக வேலை அங்கே முடிந்துவிடும். சாவி பைக்குள் போகும்போது மனம் வேறெங்கோ போயிருக்கும். ஓசிடியில் இந்தச் சாட்சியெல்லாம் செல்லுபடியாவதில்லை. நோயுள்ளவர்கள் சொல்லும் சொற்களிலேயே சொன்னால், "மனசு ஒப்பணும்". பூட்டு பூட்டியிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, மனசு மட்டும் ஒப்பவில்லை. அதனால் மறுபடி இழுக்கிறார். நான்கு முறை, பிறகு நான்கு நான்காக நான்கு முறை. நடுவில் யாராவது கூப்பிட்டால் கணக்கு தவறிவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். கை கழுவுவதும் இப்படித்தான். சோப்பும் தண்ணீரும் போட்டு 20 நொடி தேய்த்தால் போதும் என்பது வெளியே இருக்கும் அளவு. விரல்களின் வரிசை தவறினாலோ, மூடும்போது குழாய் விரலில் பட்டாலோ மீண்டும் முதலிலிருந்து என்பது உள்ளே இருந்து வரும் அளவு. உங்கள் செயலை நிறுத்துவது வெளியே உள்ள அளவா, உள்ளே ஒப்ப வேண்டிய மனசா? இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னாலே பாதி விடை கிடைத்துவிடும்.

திரும்பத் திரும்பப் பார்த்தால் நம்பிக்கை கூடத்தானே வேண்டும் என்று தோன்றும். கூடுவதில்லை, குறைகிறது. நெதர்லாந்தில் வான் டென் ஹவுட், கிண்ட் என்ற ஆய்வாளர்கள் 2003ல் வெளியிட்ட சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. ஓசிடி இல்லாத மாணவர்களைக் கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பைத் திறந்து மூடி, சரிபார்க்கச் சொன்னார்கள். ஒரே அடுப்பை இருபது முறை பார்த்தவர்களுக்கும், இடையில் வேறொன்றைப் பார்த்தவர்களுக்கும் கடைசிச் சோதனை பற்றிய நினைவு சரியாகவே இருந்தது. ஆனால் அடுப்பையே திரும்பத் திரும்பப் பார்த்தவர்களுக்கு அந்த நினைவு மங்கலாகவும், விவரம் இல்லாமலும், நம்ப முடியாததாகவும் தோன்றியது. பத்துத் தடவை பார்த்தும் "பார்த்தேனா?" என்று சந்தேகம் வருகிறவர்கள் தங்களுக்கு மறதி நோய் வந்துவிட்டதோ என்று பயப்படுகிறார்கள். ஞாபகம் கெடவில்லை. பார்த்ததே ஞாபகத்தின் மீதான நம்பிக்கையை அரித்திருக்கிறது.

பதற்றத்தைத் தணிக்க இப்படித் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டாயச் செயல்களைத்தான் சடங்குகள் என்கிறோம். இப்போது கண்ணுக்குத் தெரியாத சடங்குகள். "எனக்கு எண்ணம் மட்டும்தான் வருகிறது, நான் எதையும் செய்வதில்லை" என்று சொல்பவர்களைக் கொஞ்சம் விசாரித்தால், நாள் முழுவதும் மனசுக்குள் வேலை நடந்துகொண்டிருக்கும். கெட்ட காட்சி வந்தால் அதை அழிக்க ஒரு நல்ல காட்சியைக் கொண்டுவந்து வைப்பார். மோசமான சொல் வந்தால் மூன்று முறை மன்னிப்புக் கேட்பார். கேட்டபோது மனம் சிதறியதாகத் தோன்றினால் மறுபடியும் மூன்று. நேற்று நடந்த உரையாடலை முதல் வார்த்தையிலிருந்து ஓட்டிப் பார்த்து, யாரையாவது புண்படுத்தினோமா என்று தேடுவார். வண்டி ஓட்டும்போது சக்கரம் ஒரு மேட்டில் ஏறி இறங்கும். "ஆள்மேல் ஏற்றிவிட்டோமோ?" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து பார்ப்பார். அங்கே யாரும் இல்லை. சிறிது தூரம் போனதும், திரும்பி வந்தபோது ஏற்றியிருந்தால் என்ற எண்ணம் எழும். வேறொருவர், தான் படித்த வரியையே மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருப்பார். பொருள் புரிந்துவிட்டது, முழுமையாகப் புரிந்ததா என்பதில்தான் சிக்கல். தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களிடம் இது சோம்பலாகவும் கவனக்குறைவாகவும் தவறாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

அதிகம் மறைக்கப்படுவது வன்முறை, பாலியல், தெய்வ நிந்தனை தொடர்பான எண்ணங்கள். பெற்ற குழந்தையைத் தூக்கி எறிந்துவிடுவேனோ, தூங்குபவரின் கழுத்தை நெரித்துவிடுவேனோ, குழந்தைகளைத் தவறான எண்ணத்தோடு பார்க்கிறேனோ என்று நடுங்குகிறவர்கள் வாயைத் திறப்பதே இல்லை. சொன்னால் போலீஸைக் கூப்பிடுவார்கள், குழந்தையைப் பிரித்துவிடுவார்கள் என்ற பயம். கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களிலும் ஓசிடி புதிதாகத் தொடங்கவோ தீவிரமாகவோ கூடும். அந்தத் தாய் கத்திகளை ஒளித்து வைப்பாள், குழந்தையைக் குளிப்பாட்ட வேறொருவரை விடுவாள், தனியே இருக்க மாட்டாள். அந்த எண்ணம் அவளை எந்த அளவுக்கு அருவருக்க வைக்கிறது என்பதை இதில் காணலாம். தான் எதை உயிராக மதிக்கிறாரோ அதையேதான் ஓசிடி குறிவைக்கும். அந்த எண்ணங்களின்படி நடந்துவிடும் ஆபத்தை இந்த நோய் கூட்டுவதில்லை என்று மருத்துவர்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு வேறுபாட்டைத் தவறவிடக் கூடாது. பிரசவத்துக்குப் பின் ஒரு பெண்ணுக்குக் குரல்கள் கேட்டாலோ, குழந்தையை ஏதோ செய்வதுதான் சரி என்று அவள் நம்பினாலோ, தூக்கமே தேவைப்படாமல் குழம்பிப் பேசினாலோ அது வேறு நோய். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும்.

கேள்வி கேட்பதும் கட்டாயச் செயலாகிவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. "ஏம்மா, அதைத் தொட்டேனே, ஒன்னும் ஆகாது இல்ல?" "ஆகாதுப்பா." "நிஜமா?" "நிஜமா." ஐந்து நிமிடம் கழித்து அதே கேள்வி, சொற்கள் மட்டும் மாறியிருக்கும். விவரம் தெரிந்துகொள்ளக் கேட்பவருக்கு ஒரு பதில் போதும். இங்கே பதில் தேவைப்படுவது பதற்றத்துக்கு. வீட்டாரைக் கேட்டு அலுத்தவர்கள் இணையத்தில் தேடுவார்கள். ஒரே அறிகுறியை நள்ளிரவு வரை தேடுவது, ஆறுதல் தரும் பக்கத்தைக் கண்டு மூடிவிட்டு உடனே "இது எனக்குப் பொருந்துமா?" என்று மறுபடி திறப்பது, எல்லாம் அதே சடங்குதான். இன்னும் நுட்பமானது தன்னைத் தானே பரிசோதிப்பது. அந்தக் கெட்ட எண்ணத்தை வேண்டுமென்றே வரவழைத்து, உள்ளுக்குள் அருவருப்பு வருகிறதா, உடம்பு என்ன செய்கிறது என்று கூர்ந்து பார்ப்பார்கள். அப்படிக் கூர்ந்து பார்த்தால் உடம்பில் ஏதாவது ஓர் உணர்வு தென்படத்தான் செய்யும். அதையே சாட்சியாக எடுத்துக்கொண்டு இன்னும் ஆழமாகச் சிக்கிக்கொள்வார்கள். இந்தக் கடிதத்தையே ஐந்தாவது முறையாகப் படித்து "எனக்கு ஓசிடிதானா, இல்லை நான் நிஜமாகவே கெட்டவனா" என்று தேடிக்கொண்டிருப்பவர் இதோடு நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்கட்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.

நோய் என்று சொல்ல எவ்வளவு இருக்க வேண்டும்? 2013ல் வந்த அமெரிக்க மனநலச் சங்கத்தின் வகைப்பாட்டு நூலான டிஎஸ்எம்-5, எண்ணங்களும் செயல்களும் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்வதை ஓர் அளவாகச் சொல்கிறது. நேரம் குறைவாக இருந்தாலும் கடும் வேதனையோ வேலை, படிப்பு, உறவுகளில் பாதிப்போ இருந்தால் அதுவும் சேரும். அந்த ஒரு மணி நேரத்தைக் கணக்கிடும்போது பலர் குளியலறையில் இருக்கும் நேரத்தை மட்டும் எண்ணுகிறார்கள். மனசுக்குள் ஓடியது, கேட்டது, தேடியது, பதற்றத்தோடு உட்கார்ந்திருந்தது எல்லாம் சேர வேண்டும். தவிர்ப்பதும் சேர வேண்டும். கதவைப் பூட்டும் பொறுப்பை எப்போதும் அடுத்தவரிடம் விடுபவருக்குச் சரிபார்க்கும் நேரம் சுழியம்தான். ஆனால் அவருடைய வாழ்க்கை அந்தக் கதவைச் சுற்றியே அமைந்திருக்கும்.

ஏழு நாட்களுக்கு ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொண்டால் மருத்துவரிடம் பேசுவது எளிதாகும். நேரம், எண்ணம் என்ன, அதற்கு என்ன செய்தேன் அல்லது எதைத் தவிர்த்தேன், எத்தனை நிமிடம், நிறுத்தியது எது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வரி. எண்ணத்தைச் சுருக்கமாக எழுதினால் போதும். "தீ", "கிருமி", "குழந்தை" என்று ஒற்றைச் சொல்லே போதும். மதியம் ஒரு முறை, இரவு ஒரு முறை மட்டும் எழுதுங்கள். எழுதியதைத் திருத்த வேண்டாம், விட்டுப்போனதைத் தேடிச் சேர்க்க வேண்டாம். இப்படி எல்லை போடாவிட்டால் குறிப்பேடே ஒரு புதிய சடங்காகிவிடும். எழுதும்போதே மனசு ஒப்பாமல் கிழித்துக் கிழித்து எழுதத் தோன்றினால் உடனே நிறுத்திவிடுங்கள். அப்படித் தோன்றியது என்பதே மருத்துவருக்குத் தேவையான தகவல்.

குழப்பிக்கொள்ளும் மற்ற நிலைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லாம் தன் முறைப்படியே நடக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்து, அதுவே சரி என்று நம்பி, அதில் திருப்தியும் அடைபவருடையது ஆளுமை சார்ந்த வேறு நிலை. ஓசிடி உள்ளவர் பெரும்பாலும் "இது அர்த்தமில்லாதது என்று தெரிகிறது, விட முடியவில்லை" என்பார். பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சிலருக்கு அந்தத் தெளிவு மங்கியிருக்கும், பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது பலருக்கும் மங்கும். பணம், வேலை, உடல்நலம் என்று அன்றாட விஷயங்களில் மாறி மாறி ஓடும் கவலை பொதுப் பதற்ற நோயாக இருக்கலாம். நடந்து முடிந்ததையே நினைத்து வருந்திக்கொண்டிருப்பது மனச்சோர்வாக இருக்கலாம். எண்ணத்தை வெளியிலிருந்து யாரோ தலைக்குள் புகுத்துகிறார்கள் என்று நம்பினால் அது ஓசிடியின் குணம் அல்ல. ஓசிடியில் எண்ணம் தன்னுடையதே என்று தெரியும், அதனால்தான் அத்தனை குற்ற உணர்ச்சி. ஓசிடியும் மனச்சோர்வும் ஒன்றாகவே இருப்பதும் சகஜம். வாழ்வே வேண்டாம் என்ற விருப்பம் தலைதூக்கினால் அது எந்த வகை எண்ணம் என்று தானே ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே ஒருவரிடம் சொல்லி மருத்துவ உதவி பெற வேண்டும்.

தீவிரத்தை அளக்க மருத்துவர்கள் யேல்-பிரவுன் அளவுகோலைப் பயன்படுத்துவார்கள். 1989ல் வெளியானது. பத்துக் கேள்விகள், ஐந்து எண்ணங்களைப் பற்றி, ஐந்து செயல்களைப் பற்றி. எவ்வளவு நேரம், எவ்வளவு இடையூறு, எவ்வளவு வேதனை, எவ்வளவு எதிர்த்துப் பார்க்கிறீர்கள், எவ்வளவு கட்டுப்பாடு இருக்கிறது என்று கேட்டு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை போடுவார்கள். மொத்தம் 40க்கு 8 முதல் 15 வரை லேசானது, 16 முதல் 23 வரை நடுத்தரம், 24 முதல் 31 வரை கடுமை, அதற்கு மேல் மிகக் கடுமை. எந்த எண்ணம் என்பதற்கு இதில் மதிப்பெண்ணே இல்லை. கிருமி பயத்துக்கும் கத்தி பயத்துக்கும் ஒரே அளவுகோல்தான்.

சிகிச்சையில் தவறாகப் போகும் இடங்களும் உண்டு. "அதை நினைக்காதே" என்பது எல்லோரும் தரும் அறிவுரை. 1987ல் டேனியல் வெக்னர் ஒரு சோதனையில் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொன்னபோது பங்கேற்றவர்களால் முடியவில்லை. தடை நீங்கியதும், தொடக்கத்திலேயே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட அதிகமாகவே நினைத்தார்கள். நன்றாக வேலை செய்வது பயத்தை எதிர்கொண்டு, கட்டாயச் செயலைச் செய்யாமல் இருக்கப் பழகும் ஈஆர்பி என்ற பயிற்சி. விக்டர் மேயர் 1966ல் இரண்டு நோயாளிகளுக்குச் செய்து காட்டியதிலிருந்து வளர்ந்தது. கதவை ஒரு முறை பூட்டி, இழுத்துப் பார்க்காமல் நடந்து போய், ஏறும் பதற்றத்தோடு அப்படியே இருப்பது. பதற்றம் எந்தச் சடங்கும் இல்லாமலே தணியும் என்பதை மனம் நேரடியாகக் கற்றுக்கொள்கிறது. எளிதானதில் தொடங்கிப் படிப்படியாக ஏறுவார்கள். பொதுவாக 12 முதல் 20 அமர்வுகள். வெறுமனே பேசி ஆறுதல் சொல்லும் ஆலோசனை இந்த நோயில் ஆறுதல் கேட்கும் சடங்காகவே மாறிவிடக்கூடும். ஆகவே "நீங்கள் ஈஆர்பி செய்வீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். ஃபுளுவாக்ஸமின், செர்ட்ராலின், ஃபுளூஆக்ஸிடின் போன்ற மருந்துகளும் உதவும். இந்த நோய்க்கு அவை மனச்சோர்வுக்குத் தருவதைவிடக் கூடுதல் அளவில் தேவைப்படலாம், பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகலாம். மூன்றாவது வாரத்தில் "பயனில்லை" என்று நிறுத்துவது அடிக்கடி நடக்கிறது. நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஓராண்டாவது தொடரச் சொல்வார்கள். திடீரென்று நிறுத்தக் கூடாது.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. அன்பினால் நீங்களும் சேர்ந்து சரிபார்ப்பது, நூறாவது முறையும் "ஒன்னும் ஆகாது" என்பது, அவருக்காக உங்கள் செருப்பை வெளியே விட்டு உடையையும் மாற்றுவது, இவையெல்லாம் நோய்க்குத் தீனி. அதற்காக ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தினால் வீடு போர்க்களமாகிவிடும். சிகிச்சையாளரோடு சேர்ந்து எதை முதலில் குறைப்பது என்று பேசி முடிவெடுங்கள். "உனக்குக் கஷ்டமாக இருப்பது தெரிகிறது, இதற்குப் பதில் சொன்னால் அந்த நோய்க்குத்தான் சொல்வேன்" என்ற பேச்சு திட்டுவதைவிட எவ்வளவோ மேல்.

மருத்துவர் அறையில் உட்கார்ந்த பிறகும் பலரால் வாய் திறந்து சொல்ல முடிவதில்லை. தூக்கம் வரவில்லை, படபடப்பாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி மாத்திரையோடு திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் ஒரு தாளில் இப்படி எழுதிக் கொடுக்கலாம்: "எனக்கு வேண்டாத எண்ணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை நான் விரும்பவில்லை. அவற்றைப் போக்க இன்னின்னதைச் செய்கிறேன். நாளில் இத்தனை மணி நேரம் போகிறது. என்ன எண்ணம் என்பதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது." கடைசி வாக்கியத்தை அவசியம் எழுதுங்கள். அதைப் படித்ததும் மருத்துவர் தானே கேட்பார். அவர் இதைப் பலரிடம் கேட்டிருக்கிறார்.

அடுத்த முறை இந்த நோய் பற்றிப் பிரசுரிக்கும்போது குழாயடிக் கைகளுக்குப் பதிலாக, பூட்டிய கதவின் முன் கையில் சாவியோடு நின்றுகொண்டிருக்கும் ஒருவரின் படத்தைப் போடும்படி ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மனநலச் சிகிச்சைப் பணியில் உள்ள வாசகர்கள்